பத்தொன்பது லிட்டர் பார்லித் தண்ணீர்

வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆண்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. முதல் தடவை காய்ச்சி முடிப்பதற்குள்ளேயே அடுத்தவனுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே பாட்டிலுக்கு லேபிள் அடித்து வைத்திருந்தேன். காளை மாட்டுப் படம், கீழே 'காங்கேயன்' என்று கொட்டை எழுத்தில் பெயர், அதற்கும் கீழே 'ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்'. சரக்கு எப்படி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லேபிளில் மாட்டின் திமில் கொஞ்சம் சிறியதாக விழுந்துவிட்டதே என்பதுதான் கவலை.

இதில் ஒரே ஒரு சிக்கல். கல்யாணத்துக்கு என் ஜாதகத்தோடு போன பயோடேட்டாவில் 'பழக்கவழக்கம்: எதுவும் இல்லை' என்று அப்பா எழுதியிருந்தார். எழுதியபோது அது உண்மை. அமெரிக்கா வந்தபின் ஆபீஸ் பார்ட்டிகளில் ஒன்றிரண்டு என்று ஆரம்பித்து (ஒன்றிரண்டுதான், சத்தியமாக) பொழுதுபோக்காக வளர்ந்துவிட்டது. மனைவி கவிதாவுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரியாது.

கவிதாவின் தாய்மாமன் ஒருவர் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். தம்பி சாகும்போது பக்கத்தில் இருந்தவர் அத்தை, அதாவது என் மாமியார். என் பயோடேட்டாவில் இருந்த அந்த ஒற்றை வரிக்காகத்தான் பெண்ணைக் கொடுத்தார். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் சொந்தபந்தம் மொத்தத்துக்கும், "எங்க மாப்ள காப்பி கூடத் தொடமாட்டாருங்" என்று சொல்லி வைத்திருந்தார். நான் ஒரு நாளைக்கு நாலு காபி குடிப்பவன். ஆனால் பெருமை என்று வந்துவிட்டால் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

கவிதாவுக்கு அப்போது ஆறாம் மாதம். மால்ட் என்கிற முளைத்தானியம் கொதிக்கும் வாசனை அவளுக்கு ஆகாது என்பதால் கராஜில் வைத்துக் காய்ச்சினேன். ஆற வைத்து, ஈஸ்ட் தூவி, மூடியில் குமிழி விடும் காற்றுப் போக்கி வைத்த பெரிய வாளியில் ஊற்றினேன். டெக்சாஸ் ஜூன் மாதத்தில் கராஜுக்குள் வைத்தால் இட்லியே வெந்துவிடும். எனவே வாளியை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குளோசெட் எனும் சாமான் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாரம் புளிக்க வேண்டும், பாட்டிலில் அடைத்தபின் இன்னும் இரண்டு வாரம். அத்தை வருவதற்குள் எல்லாம் முடிந்து, பாட்டில்கள் நண்பர்கள் வீட்டுக்குப் போய்விடும் என்பது என் திட்டம்.

அத்தைக்கு டிக்கெட் மூன்று வாரம் முன்னதாகவே கிடைத்துவிட்டது.

"ஒண்ணு அம்மாகிட்ட உண்மையச் சொல்லிருங்க. இல்லன்னா அதக் கொட்டிருங்க" என்றாள் கவிதா.

"கொட்டறதா? பத்தொம்பது லிட்டர்டி! விடு, நான் ஹேண்டில் பண்ணிக்கறேன்."

(நான் ஹேண்டில் பண்ணிக்கொள்கிறேன் என்று சொன்ன விஷயங்களின் பட்டியல் ஒன்று கவிதாவிடம் இருக்கிறது. அதில் எதுவுமே நன்றாக முடிந்ததில்லை.)

அத்தை வந்த மறுநாள் காலை. நான் மாடியிலிருந்து இறங்குகிறேன், அத்தை குளோசெட் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏனுங் மாப்ள, உள்ளார என்னமோ களக் களக்குன்னு சத்தம் வருதுங்களே?"

நல்ல பொய்க்காரனுக்கு அடையாளம், முழுப் பொய் சொல்லமாட்டான். பீர் எதில் செய்கிறோம்? பார்லியில். கதவைத் திறந்து கம்பீரமாகச் சொன்னேன்.

"பார்லித் தண்ணிங்க அத்தை."

அத்தை வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாளியைப் பார்த்தார்.

"இத்தனையுமுங்களா?"

"ஆமாங்க. பத்தொம்பது லிட்டர்."

"யாருக்குங்?"

"எனக்குத்தானுங்க."

அத்தை முகம் ஒரு மாதிரி ஆனது. ஆரோக்கியத்தில் இவ்வளவு அக்கறையுள்ள மாப்பிள்ளை கிடைத்த பூரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் சில மாற்றங்கள். தினமும் ஏதாவது ஒரு ரூபத்தில் வாழைத்தண்டு. பொரியல், கூட்டு, பச்சடி, காலையில் வெறும் வயிற்றில் ஜூஸ். இந்தியன் ஸ்டோரில் ஒரு தண்டு என்ன விலை விற்கிறது என்று தெரிந்திருந்தால் அத்தை மயங்கி விழுந்திருப்பார். தக்காளியை அறவே நிறுத்திவிட்டார். நான் பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ஹாலில் இருந்தபடி மெல்லக் கேட்பார்: "நல்லாப் போச்சுங்களா மாப்ள?"

ஊர்ப்பக்கத்து உபசரிப்பு என்று நினைத்து, நானும் "சூப்பருங்க அத்தை" என்று ஒவ்வொரு தடவையும் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் விரதம் இருந்தார். மகளின் பிரசவத்துக்காக இருக்கும் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிலில் அடைக்கும் வேலை. இந்த இடத்தில் ஒரு சிறு விஞ்ஞானம் அவசியம். புளித்து முடித்த பீரில் நுரை இருக்காது. அடைப்பதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை கரைத்து ஊற்ற வேண்டும். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விடும். மூடி இறுக்கமாக இருப்பதால் வாயு வெளியேற வழியின்றி பீரிலேயே கரையும். அதுதான் நுரை. பத்தொன்பது லிட்டருக்கு முக்கால் கப் சர்க்கரை போதும். அதற்கு மேலே போனால் பாட்டில் தாங்காது. நான் இரண்டு தடவை அளந்து, கொதிக்க வைத்து, ஆற்றி, சமையலறை மேடையில் இருந்த வாளியில் ஊற்றி முடித்தேன். சரியாக அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். ஏதோ சர்வர் படுத்துவிட்டது. மாடிக்கு ஓடி, நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினேன். அத்தை ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தெட்டு பாட்டில். ஒவ்வொன்றுக்கும் மூடி அழுத்தி, காளையை ஒட்டி, குளோசெட்டுக்குள் அடுக்கினேன். அடியில் மிஞ்சியதை ஒரு வாய் ருசி பார்த்தேன். நல்ல இனிப்பு. பின்னால் ஒரு கேரமல் வாசம். மால்ட்டிலிருந்து இப்படி ஒரு வாசத்தைக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையில்லை.

"எல்லாருக்கும் இந்தக் கை வராது" என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். கர்ப்பிணிகளுக்கு இதெல்லாம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த இரண்டாவது சனிக்கிழமை வளைகாப்பு. ஹாலில் நாற்பது பெண்கள், எல்லோரும் பட்டு. ஒன்பது வகைச் சாதம். ஆண்கள் வழக்கம்போல் பின்கட்டுப் புல்வெளியில் நின்று வீட்டு வட்டி விகிதம் பேசிக்கொண்டிருந்தோம். கேமரா பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கவிதா மனையில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தை சந்தனம் பூசி, முதல் வளையலைப் போட்டு, இரண்டாவதை எடுக்கிறார்.

டமார்!

டெக்சாஸில் அப்படி ஒரு சத்தம் கேட்டால், துப்பாக்கிச்சூடு என்று எடுத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆபீஸில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். "கீழ படுங்க! கீழ படுங்க!" என்று ஒரு ஆன்ட்டி அலறினார். ஒரே நொடியில் நாற்பது பட்டுச் சேலைகளும் தரையில். ஒரு ஆன்ட்டி புளிசாதத் தட்டோடு படுத்தார். நான் பாய்ந்து போய்க் கவிதாவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றேன். (வீரம் என்று பிற்பாடு நான் சொல்லிக்கொண்டேன். சத்தம் எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான் நிஜம்.)

டமார். டமார். டம் டம் டம். ஒரு பாட்டில் வெடித்து அடுத்ததைத் தட்ட, அது அதற்கடுத்ததைத் தட்ட, உள்ளே தீபாவளி. நல்லவேளை, குளோசெட் கதவு சாத்தியிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கதவுக்கு அடியிலிருந்து பழுப்பாக, நுரையோடு, நிதானமாக ஒரு ஓடை கிளம்பி சீர்த்தட்டுகளை நோக்கி வந்தது.

சத்தம் ஓய்ந்தது. புல்வெளியிலிருந்து ஆண்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் மிகவும் சாதுவான அங்கிள், கோவிலில் சனிக்கிழமைதோறும் செருப்பு அடுக்கும் சேவை செய்பவர். அவர் மூக்கை உயர்த்தினார். கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார். தன்னை மறந்து சொன்னார்:

"அட, பேல் ஏல்!"

அவர் மனைவி தரையிலிருந்து தலையைத் தூக்கி, பீர் வகையை வாசனையிலேயே சொல்லும் கணவரையே பார்த்தார். அந்த வீட்டில் அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதன்பின் அவர் என்னோடு பேசுவதில்லை.

வளையல் எல்லாம் போட்டு முடித்தார்கள். சாதம் சாப்பிட்டார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. வாசலில் தாம்பூலம் வாங்கிப் போன ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து அளவுக்கு அதிகமாகப் புன்னகை செய்தார்கள்.

எல்லோரும் போனபின் அத்தை சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தம்பியை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக உணர்ந்ததில்லை. திட்டினால்கூடத் தேவலை. எதிரில் போய் நின்றேன்.

"அத்தை, அது பார்லித் தண்ணி இல்லைங்க. பீருங்க. நானே செஞ்சது. எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு குடிப்பனுங்க. உங்ககிட்ட மறைச்சது தப்புங்க."

அத்தை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப கல்லு?"

"எந்தக் கல்லுங்க?"

"உங்க கிட்னில கல்லுங் மாப்ள!"

அத்தை கடகடவென்று கொட்டினார். "மனுசன் எதுக்குங் பார்லித் தண்ணி குடிப்பான்? கல்லு இருந்தாத்தானுங்? எல்லாரும் ஒரு டம்ளர் குடிப்பாங்க, நீங்க வாளி நெறைய வெச்சிருக்கறீங்க. எத்தன கல்லோ, எம்மாம் பெருசோன்னு தெரியாமத்தானுங் தெனம் வாழைத்தண்டா ஆக்கிப்போட்டேன். மாசமா இருக்கறவகிட்ட கேக்கவா முடியும்? பாத்ரூம்ல இருந்து வந்தீங்கன்னா வாய் தவறிக் கேட்டுப்போடுவேன், நீங்க சிரிச்சுக்கிட்டே 'சூப்பரு'ம்பீங்க. வலிய மறைக்கறாரேன்னு ராத்திரி தூக்கமில்லைங்."

மூன்று வாரம். அந்த அம்மாள் மூன்று வாரமாக என் சிறுநீரகத்துக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். நானோ லேபிளில் மாட்டுத் திமிலைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே உருகிவிட்டேன்.

"அன்னிக்கு நீங்க போன்ல பேசப் போனீங்கல்ல? சித்த விரல வெச்சு நக்கிப் பாத்தனுங். அப்படிக் கசப்பு! புளிச்ச வாசம் வேற. அமெரிக்கா பார்லி இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். இதப் போய் தெனம் எப்படிக் குடிப்பாருன்னு மனசு கேக்கலைங். ஊர்ல இருந்து கொண்டாந்த நாட்டுச்சக்கரை அரைக் கிலோ, பாகு காய்ச்சி ஊத்திக் கலக்கி உட்டுட்டேன்."

கவிதா வாசற்படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேரமல் வாசம்! எல்லாருக்கும் இந்தக் கை வராது!" பிரசவ வலி வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அத்தையும் மெல்லச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "என் தம்பியும் மொதல்ல ஒண்ணு ரெண்டுன்னுதானுங் சொன்னான்." வாளியை அன்றே தூக்கிப் போட்டேன்.

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்பறமுங் மாப்ள, பழனிக்கு வேண்டியிருக்கறனுங். கல்லு கரைஞ்சா மொட்டை போடறேன்னு."

"ஐயோ, நீங்க எதுக்குங்க அத்தை எனக்காக மொட்டை..."

"எனக்கில்லைங். உங்களுக்கு."

"அதான் கல்லே இல்லையேங்க!"

"வேண்டுனேன், இப்பக் கல்லு இல்ல. இதுக்கு மேல என்னங் வேணும்?"

அதற்குப் பதில் இருந்தால் யாராவது சொல்லுங்கள், நான் இன்றுவரை தேடுகிறேன். அடுத்த வருடம் பழனியில் என் மகளுக்கு முதல் மொட்டை, பக்கத்துப் பலகையில் எனக்கு. மகள் அழுதாள். நான் அழவில்லை. அதே பயணத்தில் பாஸ்போர்ட்டும் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் பத்து வருடத்துக்கு அந்த மொட்டைப் படத்தோடுதான் உலகம் சுற்றுகிறேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது எதையாவது மறைத்தால், "கல்லு எத்தனை?" என்றுதான் கேட்போம். ஆனால் கோபியில் கதையே வேறு. என் பயோடேட்டாவைக் காப்பாற்றுவதற்காக அத்தை அங்கே பீரைப் பற்றி மூச்சு விடவில்லை. மாப்பிள்ளைக்குக் கல் இருந்தது, முருகன் கரைத்துவிட்டான், அவ்வளவுதான். விளைவு, அந்த வட்டாரத்தில் யாருக்கு இடுப்பு வலித்தாலும் அனுபவஸ்தன் என்று எனக்குத்தான் போன் வருகிறது. போன வாரம்கூட கவிதாவின் பெரியப்பா கூப்பிட்டார்.

"மாப்ள, ஸ்கேன்ல எனக்கு அஞ்சு எம்எம்னு சொல்றாங்க. உங்களுக்கு எத்தன இருந்துச்சுங்?"

"எட்டுங்க மாமா" என்றேன், துளியும் தயங்காமல்.

உள்ளேயிருந்து கவிதாவின் குரல் வந்தது: "போன தடவை ஆறுன்னீங்க. வளருதா?"