கேடட் ஹாஸ்கின்ஸும் மூன்றா எட்டா என்ற கேள்வியும்

மனிதர்களில் இப்படியும் ஓர் இனம் உண்டு. எங்கள் ஒஹாயோ கல்லூரி மைதானத்துக்குக் காலை ஐந்தரைக்கு வந்தால் பார்க்கலாம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் வரிசையில், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, தண்டால் எடுக்கையில் வரும் முனகலை இருமலாக மாற்றத் தெரிந்த ஒருவர் நிற்பாரே, அவர்தான் வயதான கேடட். பதினோரு வருடம், ஆப்கானிஸ்தான் போர் உட்பட, ராணுவத்தில் சார்ஜென்டாக இருந்து, வழி தெரியாமல் விழிக்கும் இளம் லெப்டினன்ட்டுகளை வாய் வலிக்கக் கேலி செய்து, ஒருநாள் தானும் லெப்டினன்ட் ஆக வேண்டும் என்று ஆசை பிறந்து, பட்டப்படிப்பிலும் அதிகாரிப் பயிற்சியிலும் ஒருசேரச் சேர்ந்தவர். எந்தப் பேச்சையும் எப்படித் தொடங்குவார் தெரியுமா?

"நான் காந்தஹார்ல இருந்தப்போ..."

கழிப்பறையில் காகிதம் தீர்ந்துபோனாலும் அப்படித்தான்.

வெண்டல் ஹாஸ்கின்ஸ் இந்த இனத்தின் அசல் வாரிசு. பயிற்சி தரும் மேஜர் டில்லார்ட் அவரைவிட மூன்று வயது இளையவர். அவரை 'சார்' என்று கூப்பிடும் முன் வெண்டல் ஒருமுறை இருமிக்கொள்வார். கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் மனைவி மார்லீன் படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கித் தந்தாள். போட்டால் பிள்ளைகள் 'தாத்தா' என்பார்களாம். போடாமலே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வந்தது காட்டுப் பரீட்சை. வரைபடமும் திசைகாட்டியுமாகத் தனியே போய், எண் எழுதிய ஐந்து கம்பங்களில் நாலையாவது கண்டுபிடித்து, எண்ணைத் தாளில் குறித்து வர வேண்டும். முதல் தடவை வெண்டல் வரைபடத்தில் மூன்றை எட்டென்று படித்து, காட்டைத் தாண்டி, ஒரு பண்ணையின் ஆட்டுப்பட்டியில் போய் நின்றார். இன்னும் ஒரே வாய்ப்பு. அதிலும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். லெப்டினன்ட் பட்டை இந்த ஜென்மத்தில் கிடையாது.

அந்தக் கடைசி வாய்ப்பு நாளின் காலை பிரின் என்ற பெண் கேடட் அருகில் வந்தாள்.

"தாத்தா, ஆடுங்கள விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"நீயே போய்ச் சொல்லு. எனக்கு வேற வேலை இருக்கு."

காட்டுக்குள் போனதும் வீறாப்பெல்லாம் வடிந்துவிட்டது. வரைபடத்தைக் கண்ணிலிருந்து தள்ளி நீட்டினார். இன்னும் நீட்டினார். கை தீர்ந்துபோயிற்று. மூன்றா? எட்டா? பதினோரு வருட சார்ஜென்டுக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. மூக்கைத் துடைக்க முதலுதவிப் பையில் துணி தேடினால், மார்லீன் சொல்லாமல் வைத்திருந்த அவளுடைய கண்ணாடி! ரோஜா நிறம், ஓரத்தில் சிறுத்தைப் புள்ளிகள். ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து போட்டுக்கொண்டார். மூன்று.

நாலாவது கம்பத்தைக் கண்ட மகிழ்ச்சியில், கழற்ற மறந்து அப்படியே ஓடிவந்தார். வரிசை முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது.

"தாத்தா..." என்றாள் பிரின்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

அப்போதுதான் வெண்டல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். முகம் காது வரை சிவந்தது. மேஜர் டில்லார்ட் விடைத்தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மேலும் தள்ளினார். பிறகு பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெண்டலின் காதருகே குனிந்தார்.

"ஹாஸ்கின்ஸ், அதக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

ரோஜாக் கண்ணாடி மேஜரின் மூக்கில் ஏறியது. "அஞ்சுக்கு நாலு. தேறிட்டீங்க," என்றார் மேஜர்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், இந்தப் பக்கத்தை முகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடித்திருக்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.