கண்ணுக்குத் தெரியாத ராஜா

"எங்கே சகலை, உள்ள ஒண்ணையும் காணோமே!"

கண்ணாடிப் பேழைக்குள் சகலை மூக்கை நுழைக்காததுதான் குறை. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டார். உள்ளே இருப்பது, அரசராக வாழ்ந்து புனிதரான ஒருவரின் எலும்புத் துணுக்கு. சிவப்பு நூல் கட்டி, பின்னால் அரக்கு முத்திரை வைத்து, சான்றிதழோடு வந்த அசல் திருப்பண்டம். மனைவியின் சாமியார் மாமாவை வருஷக்கணக்கில் நச்சரித்து வாங்கியது. அதைப் போய் இந்த மனுஷன் காணோம் என்கிறாரே!

"நடுவுல பாருங்க. புள்ளி மாதிரி இருக்கும்."

"அதுவா? நான் தூசின்னு நினைச்சேன். எங்க ராணி வாசல்ல நின்னு பார்த்தாலே தெரிவாங்க."

அங்கேதான் கடிகாரக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் இந்தச் சகலை வீட்டில், ஒரு புனித ராணியின் திருப்பண்டம் அரிசி மணி அளவுக்கு அமர்க்களமாக உட்கார்ந்திருந்தது. ஊரே வரிசையில் நின்று, உதடு பதித்து முத்தி செய்துவிட்டுப் போனது. கட்டின மனைவியும் அந்த வரிசையில் நின்றாள். கேட்டால், தங்கச்சி வீடாம்! ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் இரண்டையும் பார்த்து, கோயில் பீடத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். புள்ளியை எவர் தேர்ந்தெடுப்பார்?

சகலை தெருமுனை தாண்டியதும் கடிகாரக்காரர் வேலையில் இறங்கினார். கைக்கடிகாரத்தில் தேதியைப் பெரிதாகக் காட்டும் குட்டி லென்ஸ் ஒன்றை எடுத்து, பேழையின் கண்ணாடிமேல் பசை வைத்து ஒட்டினார். பசை பரவிக் கண்ணாடி வெளுத்துப்போனது. இருந்த புள்ளியும் போச்சு.

"கண்ணாடியை மாத்திட்டா சரியாப் போச்சு" என்று பேழையைத் திருப்பினார்.

மனைவி பதறினாள். "ஏங்க, முத்திரை உடைஞ்சா சான்றிதழ் செல்லாதுன்னு மாமா படிச்சுப் படிச்சு சொன்னாரே!"

"உடைக்கப் போறேன்னு யாரு சொன்னா? லேசா சூடு காட்டி, அலுங்காம எடுத்து, அலுங்காம வெச்சிடுவேன். உன் தங்கச்சி புருஷன்கிட்ட நான் அசிங்கப்படணுமா?"

அரக்கு அலுங்காமல்தான் உருகியது. முத்திரைச் சின்னமெல்லாம் வழிந்து மேஜையில் சொட்டியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நூலையும் அறுத்தார். இடுக்கியால் அரசரைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு வெள்ளைக் காகிதத்தில் இறக்கினார். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது.

"ஐயய்யோ, எப்படி வேர்க்குது உங்களுக்கு!" என்று மனைவி ஃபேனைப் போட்டாள்.

காகிதம் பறந்தது. அரசரும் பறந்தார்.

"அடிப்பாவி!"

"நல்லதுக்குத்தானேங்க போட்டேன்..." மனைவி அழுதுகொண்டே சமையலறைக்குள் போய் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள்.

கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்தார். பித்தளைத் தூள், திருகாணி, நகத் துண்டு என்று என்னென்னவோ கிடைத்தது. வெள்ளையாக இருந்ததெல்லாம் அரசர் மாதிரியே தெரிந்தது.

"என்ன அத்தான், தரையில என்ன தேடறீங்க?"

நிமிர்ந்தார். சகலையின் மனைவி, தலையில் முக்காட்டோடு நின்றாள்.

"உங்க ராஜாவை முத்தி செஞ்சிட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது."

அவ்வளவுதான், கடிகாரக்காரர் உடைந்துபோனார். "போச்சும்மா! முத்திரையும் போச்சு, ராஜாவும் போயிட்டார். உன் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. ராணியே பீடம் ஏறட்டும். உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் பாரு, எனக்கு நல்லா வேணும்!"

அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க ராணியை வந்த அன்னிக்கே இவரு திறந்து பார்த்துத் தும்மித் தொலைச்சிட்டாரு அத்தான், இப்ப ஊரே முத்தி செய்யறது முட்டை ஓட்டுத் துண்டை, உங்களுது அசலாச்சேன்னு வயிறெரிஞ்சு மனுஷன் தூக்கமில்லாமக் கிடக்கறாரு!"