கடலுக்குள் நட்ட பலகை

ஒரு காட்டில், மரங்கள் முடிந்த இடத்தில் கடல் தொடங்கியது. வெயில் காலத்தில் விலங்குகள் எல்லாம் அங்கே குளிக்கப் போகும். போனவற்றில் சிலவற்றை அலைக்கு அடியில் ஓடும் இழுப்பு கொண்டுபோய்விடும்.

"பிடித்துக்கொண்டு குளிக்கக் கரையில் ஒரு நீளக் கயிறு கட்டிப் போடுங்கள்" என்று செங்கமலம் என்ற வெள்ளாடு வெகுகாலமாகக் கத்திக்கொண்டிருந்தது. ஊர்வலம் போனது. மறியல் செய்தது. உண்ணாவிரதமும் இருந்தது, மதியத்துக்குள் தன் கோரிக்கைத் தட்டியையே தின்றுவிட்டதால் அது மட்டும் தோற்றது.

சிங்கத்தின் அரசு கயிறு தரவில்லை. ஆராய்ச்சி தந்தது. தலைவர் கொக்கு. நாளெல்லாம் தண்ணீரில் நின்றும் மூழ்காத அனுபவம் வேறு யாருக்கு உண்டு?

"மூழ்குவது எங்கே? கடலுக்குள். எச்சரிக்கையும் அங்கேதான் இருக்க வேண்டும்" என்றது கொக்கு. இழுப்பு கடுமையாக இருக்கும் இடத்தில் கம்பம் நட்டு, 'இங்கே குளிக்காதீர்' என்று பலகை அடித்தார்கள்.

கரையிலிருந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு யாரும் சாகவில்லை. இழுத்துச் செல்லப்பட்டவர்கள் எல்லாம் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்து, அலை ஓய்ந்ததும் நீந்தி வந்தார்கள்.

கொக்கின் முடிவோ வேறு. ஆபத்தில் சிக்கிய அத்தனை பேரும் பலகை அருகேதான் காணப்பட்டார்கள். ஆகவே ஆபத்துக்குக் காரணம் பலகை. பிடுங்க உத்தரவு போட்டது.

செங்கமலத்துக்குக் கொம்பு வரை கொதித்தது. நீந்தத் தெரியாது என்பதையும் மறந்து, பலகையைக் காக்கக் கடலில் இறங்கியது. இழுப்பு அதைக் கம்பத்தடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. குறுக்குக்கட்டையில் கொம்பை மாட்டிக்கொண்டு தொங்கியது.

மருதப்பன் என்ற எருமை நீந்தி வந்தது. அதன் முதுகில் கொக்கு.

"யக்கா, கொம்பைக் கொஞ்சம் எடு. கம்பத்தைப் பிடுங்கணும்" என்றது எருமை.

"பிடுங்கினா நான் செத்துருவேன்டா."

"தெரியுது. ஆர்டர் போட்டாச்சே."

செங்கமலம் கொக்கைப் பார்த்தது. "ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

"பிடிச்சிருக்கிற வரைக்கும்தாம்மா நீ ஆபத்தில் இருக்கிறவ" என்றது கொக்கு. "விட்டுட்டா கணக்கிலேயே வர மாட்டே."

"ஒரு கயிறுதானேய்யா கேட்டேன்."

"கயிறு அடுத்த ஆராய்ச்சி."

எருமை மூச்சைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கியது. கம்பம் பெயர்ந்தது. செங்கமலம் விடவில்லை, எதையும் விட்டுப் பழக்கமில்லை. எருமை கம்பத்தைக் கவ்விக் கரைக்கு இழுத்தது. கம்பத்தோடு வந்து மணலில் விழுந்த செங்கமலம், உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு எழுந்து நின்றது.

கொக்கு ஒற்றைக் காலில் ஆடியது. பலகையை எடுத்ததுமே மூழ்கியவள் கரையில்! வேறென்ன நிரூபணம் வேண்டும்?

பாராட்டு விழாவில் கொக்குக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். சாட்சியாக மேடையேறிய செங்கமலம் அந்த மாலையை எட்டிக் கடித்து நிதானமாகத் தின்று முடித்தது. பிறகு மைக்கின் முன்னால் வந்து, "கயிறு" என்றது.

நீதி: பறிக்க வருகிறவனிடம் கெஞ்சாதே. அவன் பிடுங்கிக்கொண்டு போவதை இறுகப் பிடித்துக்கொள், கரை சேர்வாய்.