ஜூலைச் சோறு

பஹ்ரைனில் இருக்கிற அத்தனை கூரைகளும் என்றைக்காவது ஒருநாள் தன் தலையில்தான் விழும் என்று உறுதியாக நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவருக்குத் தொழில், கூரை போடுவது.

பெயர் ஏதோ இருந்தது. ஆனால் குதைபியாவில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்த ரூமிலும் சரி, வேலை பார்த்த அலுமினியம் கண்ணாடிப் பட்டறையிலும் சரி, அவர் 'ஒருவேளை' அண்ணன்தான். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற சொல் அதுதான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் புதுக்கோட்டையிலிருந்து பெட்டியோடு போய் இறங்கிய அன்றே என்னை வரவேற்றார்.

"தம்பி, அந்தக் கட்டில்ல படுக்காத. மேல பாரு, கீறல் தெரியுதா? ஒருவேள விழுந்துட்டுன்னா?"

"அப்ப நீங்க எங்கண்ணே படுப்பீங்க?"

சாப்பாட்டு மேசையைக் காட்டினார். அதற்கு அடியில் மெத்தை, தலையணை, ஜெபமாலை, டார்ச் லைட். "அதுக்குத்தான் இரும்பு மேசையா பாத்து வாங்குனேன்" என்றார். நாங்கள் மேலே சாப்பிடுவோம், அவர் கீழே தூங்குவார். ஊறுகாய் சிந்தினால் மட்டும் சத்தம் வரும்.

அங்கே வார லீவு வெள்ளிக்கிழமை என்பதால் அன்றுதான் மாதா கோவிலில் பூசை. எல்லாரும் தலையைக் குனிந்து ஜெபிப்பார்கள். இவர் ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். நானும் கூடப் போயிருந்த ஒருநாள் ஃபாதரே அவரைக் கைகாட்டி, விசுவாசம் என்றால் இப்படி வானத்தை நோக்கி இருக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அண்ணன் என் காதில் சொன்னார்: "ஃபாதர் தலைக்கு நேர் மேல ஒரு லைட்டு ஆடுது மக்கா. நா அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இப்பேர்ப்பட்டவரை எதற்கு ஃபோர்மேனாக வைத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். அவர் போட்ட கூரை ஒன்றுகூட ஒழுகியதில்லை, அதனால்தான். அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூரை ஏறியதும் உச்சி வெயிலில் அதற்குக் கீழே தனியாக உட்கார்ந்து, டிபன் கேரியரைத் திறந்து, மீன்குழம்புச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்தால் கூரை பாஸ். பாதியில் எழுந்தால் கழற்றி மாட்ட வேண்டியதுதான். "மேல ஏறிப் பாக்குறத எவனும் பாப்பான். கீழ ஒக்காந்து நிம்மதியா சோறு திங்க முடியுதான்னு பாக்கணும்." அந்தச் சோறு சாப்பிடாமல் வேலை முடிந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

இந்த வழக்கம்தான் என் கல்யாணத்துக்கு வேட்டு வைக்கப் பார்த்தது.

தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகைகூட அடித்துவிட்டார்கள். லீவு பேப்பர் கஃபீலின், அதாவது எங்கள் அரபி முதலாளியின் மேசையில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய தாயார் லண்டனில் வைத்தியம் முடிந்து திரும்பி வந்தார். அங்கே யாரோ வீட்டுத் தோட்டத்தில் கண்ணாடி அறை கட்டிச் செடிகளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாராம். தன் வீட்டிலும் வேண்டும். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மாவின் அறை முடியட்டும். ஃபோர்மேன் கையெழுத்து வரட்டும். அன்றைக்கே உன் லீவிலும் கையெழுத்து" என்றார்.

அப்போது டிசம்பர். குளுகுளுவென்று காற்று. பட்டறை முற்றத்தில் நாலு கம்பி நட்டு, மேலே கண்ணாடியை வைத்து, அண்ணனை உட்காரவைத்தேன். ரசித்துச் சாப்பிட்டார். ஏப்பம்கூட விட்டார். எனக்கு நாதஸ்வரமே கேட்டுவிட்டது.

"அப்ப கண்ணாடியே போட்டுரலாமாண்ணே?"

"இது டிசம்பர் சோறுலே. எனக்கு ஜூலைச் சோறு வேணும்."

"ஜூலைக்கு இன்னும் ஏழு மாசம் இருக்குண்ணே! எனக்குப் பிப்ரவரியில கல்யாணம்!"

"வயசான பொம்பள உள்ள ஒக்காரப் போறா. ஒருவேள மயங்கி விழுந்துட்டான்னா?"

வேறு கூரை சொல்லுங்கள் என்றால் அதிலும் நொட்டை. பிளாஸ்டிக் ஷீட் இரண்டு கோடை வெயிலில் மஞ்சளடிக்கும். நடுவில் ஃபோம் வைத்த தகரப் பேனல் குளிர்ச்சிதான், ஆனால் உள்ளே இருட்டு, செடி செத்துப்போகும். நான் நாள்காட்டியைப் பார்ப்பதும் அவர் கூரையைப் பார்ப்பதுமாக ஒரு வாரம் ஓடியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் அவரே ஜூலையைக் கொண்டுவந்துவிட்டார். பேனல் துண்டுகளால், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவோடு, ஆளுயரப் பெட்டி ஒன்று செய்து, அதன் தலையில் கண்ணாடியை வைத்து, அதற்கு மேலே சைட்டில் எரிகிற பெரிய ஃபோகஸ் லைட் நாலைக் கட்டினார். டிபன் கேரியரோடு உள்ளே போனார். ஐந்தாவது கவளத்தில் சட்டையைக் கழற்றினார். எட்டாவது கவளத்தில் குழம்பா வியர்வையா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த நேரத்தில் முதலாளியின் வண்டி உள்ளே வந்து நின்றது.

"ஏ கியா ஹை?" இதென்ன என்றார், பனியனோடு பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்த தன் ஃபோர்மேனைப் பார்த்து.

அண்ணனுக்குத் தெரிந்த இந்தி கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். கதவைத் திறந்து, குழம்புக் கையை நீட்டி அதையெல்லாம் ஒரே மூச்சில் பயன்படுத்தினார். "ஆப்கா மா அந்தர் பைட்டேகா. ஜூலை ஆயேகா. மா... கலாஸ்!"

உங்கள் தாயார் உள்ளே உட்காருவார், ஜூலை வரும், தாயார் காலி. கஃபீலின் முகத்தைப் பார்த்தே இப்படிச் சொன்ன மனிதரை வளைகுடாவில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலாளி முகம் சிவந்தது. வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் ஆள் வந்து சொன்னான், நாளைக்குப் பெட்டியோடு இரண்டு பேரும் வீட்டுக்கு வரணுமாம்.

"எந்தப் பெட்டி? நம்ம துணிப் பெட்டியா?" என்று அண்ணன் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மறுநாள் அந்த லைட்டுப் பெட்டியை முதலாளி வீட்டில் இறக்கி வைத்ததும், அவருடைய அம்மாள் கறுப்பு அபாயா அங்கியில் வந்து நின்றார். லைட்டைப் போடச் சொன்னார். மகன் தடுக்கத் தடுக்க, தானே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டினார். நான் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொண்டு நின்றேன். இரண்டே நிமிடம். வெளியே வந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகனிடம் அரபியில் ஏதோ சொன்னார். பிறகு அண்ணனைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னார். இந்த ஊரில் வருஷத்துக்கு நாலு மழை வந்தால் அதிசயம், அந்த நாலையும் உட்கார்ந்தபடி பார்க்கத்தான் கண்ணாடி கேட்டேன் என்றார்.

"அவ்வளவுதானா? அத மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்று, நான் அர்த்தம் சொன்னதும், அண்ணன் தூத்துக்குடித் தமிழிலேயே அவரைக் கடிந்துகொண்டார். நாற்காலி போடும் இடத்தைக் கேட்டார். வடக்குப் பக்கம், நேர்வெயில் அதிகம் படாத ஓரத்தில், மூன்றடி அகலத்துக்கு இரட்டைக் கண்ணாடி. மீதிக் கூரை முழுக்க ஃபோம் பேனல். சுவர்க் கண்ணாடி வழியே செடிக்கு வெளிச்சம். அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

ஜனவரிக் கடைசியில் கூரை ஏறியது. கையெழுத்துப் பேப்பரை நீட்டினேன். பேனாவைத் தொடவில்லை மனிதர்.

"இன்னும் ஜூலைச் சோறு திங்கலியே மக்கா. பெட்டியில பாத்தது வேற, வீட்டுல பாக்குறது வேற. ஒருவேள கொதிச்சுட்டுன்னா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணே, இன்னும் பன்னெண்டு நாள்தாண்ணே இருக்கு."

வெகுநேரம் கூரையையே பார்த்தார். பிறகு கேட்டார். "கல்யாண மண்டபத்துக்கு ஓடா, கான்கிரீட்டா?"

"கான்கிரீட்டுண்ணே."

"நட்டநடுவுல ஒக்காராத. தூணு பக்கமா ஒக்காரு." சொல்லிவிட்டு, ஒரு கையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார்.

நான் ஊருக்குப் போய்த் தூண் பக்கமாக உட்கார்ந்து தாலி கட்டி, ஏப்ரலில் திரும்பினேன். அண்ணன் பாதி ஆளாகியிருந்தார். நான் போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை, வாரா வாரம் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, அம்மாள் நன்றாக இருக்கிறாரா என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு வருகிறார் என்று ரூமில் சொன்னார்கள். மேயும் ஜூனும் அதே கதைதான்.

ஜூலையில் ஒருநாள் உச்சிவெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த அறையில் அம்மாளின் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார். அம்மாளும் முதலாளியும் நானும் சுற்றி நின்று பார்த்தோம். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். விரலை நக்கினார். ரூமுக்கு வந்து மேசைக்கு அடியில் படுத்தவர், மறுநாள் டியூட்டிக்கு எழுப்புகிற வரை அசையவில்லை.

அவர் அப்படித் தூங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் ஒரு முகூர்த்தத்துக்காக ஐந்து மாதம் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். என் கல்யாணத்துக்கு அவ்வளவு பெரிய மொய்யை வேறு யாரும் வைக்கவில்லை.