ஊசி போடாத கலவா

ஒரு மீனின் கண்ணை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கச் சொன்னவன் நான். இதைச் சொல்ல இப்போது கூச்சமில்லை. வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிக் கூச்சம் தேய்ந்துபோய்விட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். தைராய்டு கோளாறில் சிலருக்குக் கண் பிதுங்கி வரும் அல்லவா, அது ஏன் என்பதுதான் எங்கள் புரொபசரின் கவலை. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்வதால் வருகிறது என்ற பேச்சு அப்போது எங்களை எட்டவில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியைத்தான் சந்தேகப்பட்டோம். மாட்டின் அந்தச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை மீனுக்கு ஊசியில் ஏற்றினால் மீனின் கண்ணும் பிதுங்குமாம். வெளிநாட்டில் செய்திருக்கிறார்களாம். டெல்லியில் பதவியில் இருந்த நம் ஊர்க்காரர் ஒருவர் பார்வையிட வரும்போது இதைச் செய்து காட்டினால் என் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று தண்டையார்பேட்டை அரிசி மண்டிக்காரர் சொல்லியிருந்தார்.

"ஊசிக்கு முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை அளக்கணும்யா" என்று புரொபசர் நூறு முறை சொன்னார். (நூற்றோராவது முறையும் சொல்லியிருக்கலாம்.)

எண்ணூர் முகத்துவாரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் பிடித்த கலவா மீன்கள் பன்னிரண்டு வந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆறை ஊசி போடாமல் தனித் தொட்டியில் விட்டேன். ஊசி போட வைத்திருந்த ஆறும் செத்துப்போயின. அவசரத்துக்குக் கல்மண்டபத்தில் மீன் விற்கும் எல்லம்மாவிடம், கடலிலிருந்து அப்போதுதான் வந்த கலவாவில் உயிரோடு இருந்த ஆறை வாங்கி, அவள் பானையிலேயே தூக்கி வந்தேன். முதல் மீனின் முதுகு முள்ளே என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அப்புறம் ஈரத்துணியால் தலையைச் சுற்றிப் பிடித்து மளமளவென்று ஊசியைப் போட்டு முடித்தேன். முன்னால் அளக்கவில்லை. மீன் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் காலை எட்டிப் பார்த்தால், ஆறு மீனுக்கும் கண் கோலிக்குண்டு மாதிரி வெளியே நிற்கிறது! மண்டிக்காரருக்கு உடனே ஆள் அனுப்பினேன், தேதி குறிக்கலாம் என்று.

அதற்கடுத்த நாள் டெல்லிக்காரர் வந்தார். கடன் வாங்கிய கோட்டில் வியர்த்து வழிந்துகொண்டே நான் பிரமாதமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, தலையில் மீன் கூடையோடு எல்லம்மா நுழைந்தாள்.

"இன்னா நைனா, பானை எங்கே? நேத்திலேந்து வந்துகினே கீறேன்."

"சத்தம் போடாதே. ஊசி போட்டதுல மீனுக்குக் கண்ணு பிதுங்கியிருக்கு, ஐயா பாக்கிறார்."

"ஊசியா? நான் குடுக்கசொல்லோவே கண்ணு அப்டித்தான் கீந்துச்சி. ஆழத்துலேந்து சர்ருனு இஸ்த்தா கண்ணு பிதுங்காம இன்னா பண்ணும்? நீ பாக்கவேயில்லியா?"

சொன்னதோடு நிற்கவில்லை. கூடையிலிருந்து அதே அளவுக் கலவா ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"இதையும் அளங்க" என்றார் டெல்லிக்காரர்.

பிதுக்கத்தை அளக்கும் காலிப்பரின் கோடு என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு மில்லிமீட்டர் குறைத்துச் சொன்னால் வேலையும் பிழைக்கும், பெண்ணும் தப்பாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன். ஊசி போட்ட ஆறையும்விட, போடாத இதற்குத்தான் பிதுக்கம் அதிகம்.

மிச்ச நேரம் முழுக்க டெல்லிக்காரர் எல்லம்மாவிடமே சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மறுநாள் முதல் முயல் கூண்டு கழுவும் வேலை. அதுவும் தற்காலிகம்தான்.

எல்லம்மா தண்டையார்பேட்டையிலும் மீன் விற்பவள் என்பது எனக்குத் தெரியாது. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மண்டிக்காரர் வீட்டுக்குப் போவதற்குள் கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் தொண்டையைச் செருமினார், வேண்டாம் என்று சொல்லத்தான். அதற்குள் உள்ளேயிருந்து பெண்ணே வந்து நின்றாள்.

"இவரையே கட்டிக்கிறேன்ப்பா. அளந்ததை மறைக்காம சொன்னாராமே." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா நீங்க இப்பவே உங்க போட்டோ ஒண்ணு எடுத்துக் குடுத்திடணும். பின்னாடி, கல்யாணத்தாலதான் கண்ணு பிதுங்கிச்சுன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க."

அந்தப் போட்டோ இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வீட்டில் நான் எதற்காவது திருதிருவென்று விழித்தால் போதும், பேத்தி ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு அதனிடம் ஓடுகிறாள். என் மனைவி மேல் இதுவரை எதையும் நிரூபிக்க முடியவில்லை. போட்டோவில்தான் கண் பெரிதாக இருக்கிறது.