பொம்மை டிராக்டரும் பொய்ப் பல்வலியும்

இனிமேல் ஒரு பொம்மை டிராக்டர்கூட வாங்குவதில்லை என்று போன மாதம் என் மீசை மேல் சத்தியம் செய்தேன். வாங்கினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். என்ன செய்வது? என் மனைவி அப்போது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு காலைக் கையில் பிடித்திருந்தாள். அதில் என் பொம்மைக் கலப்பை குத்தியிருந்தது. விரல் நீளம்தான், ஆனால் நிஜக் கலப்பையின் கூர்மை. "பார்த்தியா, எவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு!" என்று அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"வீட்டுக்குள்ளேயே உழவு ஆரம்பிச்சாச்சு. மழை ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் மொத்தம் நாற்பத்து மூன்று டிராக்டர்கள். கண்ணாடி அலமாரி நிரம்பி, ஃபிரிட்ஜ் தலையில் ஏறி, அவள் புடவை அடுக்குக்குள்ளும் நுழைந்துவிட்டன. மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒன்று நிற்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் டிராக்டர் மெக்கானிக். என்னை டிராக்டர் டாக்டர் என்பார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நானேதான் என்பது வேறு விஷயம். பொம்மைகளைச் சும்மா வாங்கி அடுக்கவில்லை ஐயா. ஒவ்வொன்றின் நிஜ வண்டிக்கும் அடியில் படுத்துக் கிடந்திருக்கிறேன். அதோ அந்தச் சிவப்பு வண்டி இருக்கிறதே, அதன் நிஜ வண்டி கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புகிற ரகம். ஒரு நாள் பொசுக்கென்று எதிர்ப்பக்கம் சுழன்று என் மணிக்கட்டை உடைத்தது. இன்றைக்கும் அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

நாற்பத்து மூன்று இருந்தும் ஒன்று இல்லை. என் மாமனாரின் டிராக்டர். சாம்பல் நிற முகம், ஓட்டை ஓட்டையாக இரும்பு சீட், ஒற்றை விளக்கு. எனக்குப் பெண் கொடுத்ததே அந்த வண்டிதான். ஒரே மாதத்தில் மூன்று தடவை நடுவயலில் நின்றுவிட்டது. மூன்று தடவையும் நான் போனேன். ஃபில்டரைக் கழற்றினேன், டீசல் பம்பைப் பிரித்தேன், துடைத்தேன், மாட்டினேன். பொழுது சாய்வதற்குள் வண்டி உறுமியது. மூன்றாவது தடவை மாமனார் வயலிலேயே சொல்லிவிட்டார்: "இவர் கை பட்டாத்தான் இது கேக்குது. இவரை விடக் கூடாது." மகளைக் கட்டிக் கொடுத்தார். இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டரிடம்கூட, மூச்சை இழுத்து விடும் இடைவெளியில் சொல்லியிருக்கிறேன்.

சத்தியம் செய்து பத்தே நாளில் போன் வந்தது. பொம்மை வண்டிகள் கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சாம்பல் நிற டிராக்டர் ஒன்றே ஒன்று வருகிறதாம். "ஒரு மணிக்குள்ள வந்தா உங்களுக்கு. அப்புறம் இன்னொருத்தர் வர்றார்" என்றார் விற்பவர். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினேன். மீசையைக் கண்ணாடியில் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்தால்தானே மீசை போகும்?

அன்றே பல்வலி ஆரம்பித்தேன்.

"எந்தப் பல்லு?" என்றாள்.

"இடது கடவாய்."

மறுநாள் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நேத்து இந்தப் பக்கம் இல்லையா?"

"பரவுது."

"அடடா" என்று இரக்கப்பட்டு, மூன்று நாளும் பாலில் ஊறவைத்த ரொட்டியே கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து அவள் மட்டும் வறுத்த கடலையைக் கடகடவென்று மென்றாள். எடுத்த வேஷத்தைக் கலைக்க முடியுமா? ரொட்டியை விழுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி.

"பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"வலிக்குக் கிழமை தெரியுமா?"

"அதுவும் சரிதான். போயிட்டு வாங்க."

இத்தனை சுலபமாக விட்டாளே, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். துள்ளிக் குதித்து ஸ்கூட்டரை உதைத்தேன். கிளம்பியது. வாசல் கேட் வரைக்கும் போனது. இருமியது. நின்றது.

உதைத்தேன். உதைத்தேன். செருப்பு பறந்து தொட்டியில் விழுந்தது. வண்டி அசையவில்லை.

அவள் கடலைக் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். "என்னவாம்?"

"பிளக்கா இருக்கும். அஞ்சு நிமிஷம்."

பிளக்கைத் துடைத்து மாட்டினேன். ஊஹூம்.

"இப்ப?"

"கார்ப்பரேட்டர்ல குப்பை. சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்."

"சத்தமே வரலியே?"

"அதை வச்சுத்தான் சொல்றேன்!"

கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவி ஊதி மாட்டினேன். பதினொன்றரை. சட்டை முழுக்கக் கறுப்பு. நெற்றியிலிருந்து வேர்வை மீசையில் சொட்டியது.

"ஒரு ஆட்டோ பிடிச்சுப் போங்களேன்."

"யாரு, நானா? முப்பத்தோரு வருஷம் டிராக்டரையே ஆட்டி வச்சவன், ஒரு ஸ்கூட்டர்கிட்ட தோத்து ஆட்டோல போறதா?"

"போகாதீங்க. பல்லு எப்படி இருக்கு?"

"எந்தப் பல்லு?"

கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்தேன். இப்போது நிஜமாகவே வலித்தது.

அவள் ஒரு கடலையை வாயில் போட்டாள். எல்லாவற்றையும் மறுபடி பிரித்து மாட்டுவதற்குள் பன்னிரண்டரை ஆகிவிட்டது. இன்னும் அரை மணி நேரம். எவனோ ஒருத்தன் என் மாமனாரின் டிராக்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவது கண் முன்னால் தெரிந்தது. அந்த இரும்பு சீட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு மாமனார் உட்கார்ந்திருப்பார். அவரும் இல்லை, வண்டியும் இல்லை. பொம்மையாவது மிஞ்சட்டும் என்றால் அதுவும் போகிறது.

"பல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "உங்கப்பா டிராக்டர் வந்திருக்கு. பொம்மை. ஒரு மணிக்கு மேல கிடைக்காது. மீசையை வேணா எடுத்துக்கோ."

"இதைப் பத்தரை மணிக்கே சொல்லியிருந்தா சட்டையாவது தப்பிச்சிருக்கும்" என்று எழுந்து வந்தாள். குனிந்தாள். சீட்டுக்குக் கீழே, பெட்ரோலைத் திறந்து மூடுகிற அந்தச் சின்ன டேப்பை ஒரு விரலால் திருப்பினாள். "உதைங்க."

ஒரே உதை. கிளம்பிவிட்டது.

"யார் மூடினது இதை?"

"யாரோ" என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன். நல்ல புடவை. கையில் கைப்பை. இவள் காலையிலேயே தயாராக இருந்திருக்கிறாள்!

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விற்பவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். மேஜை மேல் இருந்தது. அதே சாம்பல் முகம், அதே ஓட்டை சீட், அதே ஒற்றை விளக்கு. என்னால் சும்மா இருக்க முடியுமா? ரயில் டிரைவருக்கு என் கல்யாணக் கதையை எடுத்துவிட்டேன். மூன்று தடவை நின்றது, பம்பைப் பிரித்தது, மாமனார் சொன்னது எல்லாம் வந்தது. மனுஷர் வாயைப் பிளந்து கேட்டார்.

அவள் பொம்மையைக் கையில் எடுத்தாள். இரும்பு சீட்டை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிறகு டாங்குக்கு அடியில் விரலை விட்டாள்.

"இதோ, இருக்கு."

"என்ன இருக்கு?"

"டீசல் டேப். திருகினா திரும்பக்கூடச் செய்யுது."

"அட! இதுவரைக்கும் யாரும் அதைக் கவனிச்சதில்லம்மா" என்றார் ரயில் டிரைவர்.

"இவரும்தான் கவனிச்சதில்ல. மூணு தடவையும் நான்தான் மூடினேன். இவர் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு டீ குடிக்கப் போவார். அப்பத் திறந்து விட்டுடுவேன்."

ரயில் டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது. முப்பத்தோரு வருஷப் புகழ் மேஜைக்கு அடியில் உருண்டு போனது. ஆனால் நான் சளைத்தவனா? அந்த நிலையிலும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மீசையை முறுக்கினேன்.

"அப்போ என்னைத் திரும்பத் திரும்பப் பார்க்கணும்னுதானே மூடினே? ஒத்துக்கோ!"

அவள் கைப்பையைத் திறந்து ரயில் டிரைவரிடம் பணத்தைக் கொடுத்தாள். "வாங்கினது நான். உங்க மீசைக்கு ஒண்ணும் ஆகாது" என்று டிராக்டரை முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

"பேச்சை மாத்தாதே. என்னைப் பார்க்கத்தானே?"

"உங்களுக்கு முன்னாடியும் மூடிப் பார்த்தேன். ரெண்டு மெக்கானிக் வந்தாங்க. வந்த நிமிஷமே டேப்பைப் பார்த்துட்டாங்க" என்றாள். "அவங்களைக் கட்டிக்கிட்டா வீட்டுல எதையாவது மறைக்க முடியுமா, சொல்லுங்க?"