ஊறுகாய் கேட்ட ஸ்பீக்கர்

முதல் ஆல்பம் போட்டவனுக்கெல்லாம் ஒரே கவலைதான். யாராவது கேட்பார்களா? எனக்கு அந்தக் கவலையே கிடையாது. என் முதல் ஆல்பத்தை (கடைசியும் அதேதான்) எங்கள் குடும்பம் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டு வந்தால் மட்டும் ஓட்டி விட்டுவிடுவார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் இடைவெளிதான் அவர்களுக்கு வேண்டும்.

சிரிக்காதீர்கள். அந்த இடைவெளியில் ஒரு செத்த மனுஷன் பேசுகிறார்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். வெளியூர் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு (ஒரு அரியர் நிலுவை, அதைப் பற்றிப் பேச வேண்டாம்) அம்பத்தூர் வீட்டுக்குத் தோள் வரை முடியும் ஒரு கிடாருமாகத் திரும்பியிருந்தேன். கிராமத்து இசையையும் ராக்கையும் கலந்து தமிழ்நாட்டையே உலுக்கப் போவதாகத் திட்டம். நான் பார்த்திருந்த கிராமமெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். ஆல்பத்தின் பெயர் 'சாம்பல் நிற ஊஞ்சல்'. ஐந்து பாட்டுகளில் சில: 'என் நிழலைக் காணோம்', 'பிணவறைப் பூக்கள்', 'கல்லறைக்குப் போகும் பஸ்'. மூன்று வேளையும் அம்மா கையால் சாப்பிட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து எழுதிய சோகங்கள்.

அப்பா ஏகாம்பரம், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தோ பாருடா சேகரு. ஃபோர்மேன்கிட்ட உனக்கு ஒரு எடம் சொல்லி வச்சிகீறேன். நீ இன்னாவோ பாட்டு பாட்டுன்ற. வர்ற ஞாயித்துக்கெழம தெருவுல எல்லாருக்கும் போட்டுக் காட்டு. நாலு பேரு நல்லாக்கீதுன்னா நீ பாட்டுக்காரன். இல்லாங்காட்டி திங்கக்கெழம டிபன் கேரியர் எடுத்துகினு என்கூட கெளம்பு. இன்னா?"

"நாலு பேரு இன்னா நைனா, நாப்பது பேரு சொல்லுவாங்க" என்றேன். (இந்த வாயை வைத்துக்கொண்டு நான் பட்டதெல்லாம் எழுதினால் தனிப் புத்தகம்.)

என் இசைக்குழுவில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவன் பஷீர். பூந்தமல்லியில் அவன் அத்தாவுக்கு சவுண்ட் சர்வீஸ் கடை. பஷீரிடம் ஒரு பழைய ரெக்கார்டர், இரண்டு மைக், எதையும் நம்பும் மனசு, மூன்றும் இருந்தன. தாளத்துக்கு எனக்கு உடுக்கை வேண்டும். ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் குறி சொல்லும் ஒருத்தரிடம் கெஞ்சி இரவல் வாங்கினோம். கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார்.

"அட்சிகினே இருக்கறவரிக்கும் ஒண்ணியும் இல்ல. நிறுத்தறப்பதான் உசாரு. உடுக்க நின்னாத்தான் வந்தவங்க பேசுவாங்க."

பஷீர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், நான் இத்த அடிக்கறது எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா, என் தோல உரிச்சு இதுலயே இழுத்துக் கட்டிடுவாருடா" என்றான். அம்மா அதற்கும் மேல். "அது ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்று வாசலிலேயே மறித்துவிட்டாள்.

அடுத்தது கேசட். லோக்கல் கேசட்டில் பாடினால் குரல் வெந்நீரில் ஊறின மாதிரி கேட்கும். மாஸ்டர் பதிவுக்கு எனக்கு ஃபாரின் கேசட்தான் வேண்டும் என்று பிடிவாதம். வீட்டையே குடைந்தேன். அப்பாவின் பீரோவில், பனியன்களுக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒன்று கிடைத்தது. பளபள ஃபாரின் சரக்கு. மேலே பெயர் எதுவும் எழுதவில்லை. செட்டில் போட்டு அரை நிமிஷம் கேட்டேன். காற்று மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். வெத்து கேசட் என்று முடிவு கட்டினேன்.

பஷீர் திருப்பிப் பார்த்தான். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் மறுபடி ரெக்கார்டு பண்ண முடியாது. இதில் உடைத்திருந்தது.

"ஒருத்தன் வேலமெனக்கெட்டு ஒட்ச்சிகீறான்னா உள்ள இன்னாவோ கீதுடா மாமே."

"ஒண்ணும் இல்ல, கேட்டுட்டேன்" என்று அந்த ஓட்டையின்மேல் செலோ டேப் ஒட்டினேன். என் வாழ்க்கையிலேயே மிக சுத்தமாக நான் ஒட்டிய டேப் அதுதான்.

எதிரொலிக்காக நாங்கள் பிடித்த இடம், முத்தாபுதுப்பேட்டையில் பாதியில் நின்றுபோன ஒரு வீட்டின் தரையடித் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் பார்க்காத தொட்டி. ஏணி வைத்து இறங்க வேண்டும். உச்சி வெயில் நேரம், சுற்றிலும் ஒரு நாய் கூடக் கிடையாது. மேலே சதுரமாக வானம். உள்ளே ஜில்லென்று இருந்தது. 'ஆ' என்றால் ஏழு பேர் 'ஆ' என்றார்கள். ஏழாவது ஆள் கொஞ்சம் தாமதமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

பஷீர் ஒரு விதி வைத்திருந்தான். பாட்டு முடிந்ததும் ஸ்டாப் அழுத்தக்கூடாது, 'டுக்' என்று சத்தம் விழும். டேப் ஓடட்டும், பத்து விநாடி மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும், அப்புறம் அடுத்த பாட்டு. அப்படியே செய்தோம். உடுக்கை நிற்கும். பத்து விநாடி. அந்தத் தொட்டிக்குள் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி, மூச்சு விடாமல். அப்புறம் கிடார்.

முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சின்ன ஸ்பீக்கரில் போட்டோம். முதல் பாட்டு முடிந்தது. இடைவெளியில் யாரோ இருமினார்கள்.

"நீ இருமினியா?"

"நான் எங்கடா இருமினேன்? நீ?"

இரண்டு பேரும் மேலே பார்த்தோம். சதுர வானம். அதற்குமேல் கேட்கத் தைரியம் இல்லை. பஷீர் ஏணியில் ஏறியதை நான் பார்க்கவே இல்லை. பார்த்தபோது மேலே நின்றுகொண்டிருந்தான். "உடு மச்சான், அது ஆர்ட்டு" என்று நான் கீழேயிருந்து சொன்னேன். என் குரலையே ஏழு பேர் திருப்பிச் சொன்னார்கள். நானும் ஏறிவிட்டேன்.

ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. எங்கள் வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நாற்காலிகளில் தெரு ஜனம், அப்பாவின் கம்பெனி ஆட்கள். முன் வரிசையில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை குப்பு அத்தை. நான் கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. (அந்த வெயிலில் கறுப்பு! வேக வைத்த கத்தரிக்காய் மாதிரி நின்றேன்.)

பஷீர் கேசட்டை ஓடவிட்டான். 'என் நிழலைக் காணோம்' முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. உடுக்கை நின்றது. ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து, கிணற்று ஆழத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு ஆண் குரல்.

"ஏகா..."

அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. அதற்குள் இரண்டாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. அப்பா கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவரை 'ஏகா' என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒருத்தர்தான். அவருடைய அண்ணன் கன்னியப்பன், என் பெரியப்பா. கல்யாணம் பண்ணாமல் தம்பி தங்கையை வளர்த்துவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர். போன இடத்தில் இறந்து இரண்டு வருடம். உடம்பைக் கொண்டுவர முடியாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டு முடிந்தது. உடுக்கை நின்றது.

"ஏகா, கேக்குதாடா? இங்க ஒரே காத்து. கதவ சாத்தினாலும் மணலு உள்ள வந்துகினே கீது..."

"அய்யோ! பொதச்ச எடத்துலருந்து பேசறாரு அண்ணி!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அத்தை அலறினாள். பின் வரிசை மொத்தமும் எழுந்தது. ஆனால் யாரும் போகவில்லை. (பயமாக இருந்தாலும் பார்க்க வேண்டும். நம்ம ஜனம்.) பஷீர் தன் பக்கத்தில் இருந்த உடுக்கையை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டான்.

மூன்றாவது பாட்டு ஓடும்போதே அத்தை உள்ளே ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து ஸ்பீக்கர் முன்னால் ஏற்றினாள். தலையை அவிழ்த்துவிட்டுக் கைகூப்பி நின்றாள். என் பாட்டோ நாலரை நிமிஷம். 'பிணவறைப் பூக்கள்' உருகி உருகி ஓடிக்கொண்டிருக்க, அத்தை என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"இவன் எப்பதான்டா முடிப்பான்? அண்ணாத்த காத்துகினு கீறாரு!"

முடிந்தது. உடுக்கை நின்றது. குறி கேட்கிற இடத்தில் கேட்பது போலவே அத்தை கேட்டாள்.

"அண்ணாத்தே! உனக்கு இன்னா கொற? இன்னா வோணும், சொல்லு!"

ஸ்பீக்கர் சொன்னது: "...எலுமிச்ச ஊறுகா. போன தபா குப்பு குடுத்துவுட்டது பூசணம் பூத்துட்ச்சி. உப்பு பத்தல."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆமாண்ணே! கம்மியாத்தான் போட்டேன்! யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேனே!"

நடுங்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செலோ டேப் ஒட்டிய என் கட்டைவிரல் மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது. பீரோ, பனியன், பிளாஸ்டிக் கவர் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நிறுத்தியிருக்கலாம். நான்காவது பாட்டும் ஓடி முடிந்தது. தெருவே மூச்சை அடக்கியது, அன்றைக்குத் தொட்டிக்குள் நாங்கள் அடக்கிய மாதிரி.

"சேகரு இன்னும் பாடினு கீறானா? தோ பாரு ஏகா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. சேகர பாட..."

ஜங்!

'கல்லறைக்குப் போகும் பஸ்'. என் கிடார். என் குரல். பெரியப்பாவின் மீதி வார்த்தைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்துகிறது.

அப்பா எழுந்து வந்து ரெக்கார்டரை நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்து, திருப்பி, நான் ஒட்டிய டேப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்த ஒட்ச்சது நான்தாண்டா" என்றார். "ஸ்குரூ டிரைவரால."

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பெரியப்பா பேசி அனுப்பிய கேசட், அவர் செத்த சேதி வந்து பத்து நாள் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. நான் ஹாஸ்டலில் இருந்தேன், அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. பஷீர் ரெக்கார்டரைத் திறந்து பார்த்து, பழசை அழிக்கும் ஹெட் தேய்ந்து போயிருப்பதைக் காட்டினான். அதனால்தான் அரைகுறையாக அழிந்திருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் கேட்காதது பெரிய பெட்டியில் கேட்டுவிட்டது. பாட்டு இருக்கும் இடத்திலெல்லாம் பெரியப்பா அடியில் புதைந்துவிட்டார். நாங்கள் மூச்சை அடக்கிய இடங்களில் மட்டும் மிச்சம் இருந்தார்.

"நீயாவது ஒரு தபா முழுசா கேட்டியா நைனா?" என்று கேட்டேன்.

"இல்லடா. போட்டா பேசி முடிச்சிடுவாரு. போடாம இருந்தா அண்ணன் இன்னும் பேசறதுக்கு பாக்கி கீதுன்னு இருந்தேன்."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. உள்ளே போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சிருக்கக் கூடாதாடா?"

திங்கட்கிழமை காலையில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, டிபன் கேரியரோடு வாசலில் நின்றேன். அப்பா கேரியரையும் என் தலையையும் பார்த்தார். "வான்னும் சொல்ல முடியல, வராதன்னும் சொல்ல முடியல. அண்ணன் இன்னா சொல்ல வந்தார்னு தெரியலயேடா" என்றார். நானாகவேதான் போனேன். இன்று வரை எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி. 'சேகர பாட உடு' கட்சியில் அம்மா ஒருத்தி. 'சேகர பாட உடாத' கட்சியில் மீதி எல்லோரும், என் மனைவி தலைமையில். என் கல்யாணத்தில் தாலியைக் கையில் எடுத்தபோது குப்பு அத்தை மண்டபம் அதிரக் கத்தினாள்: "டேய், கொஞ்சம் லேட்டா ஆரம்பி! யாராவது பேசினு இருக்கப் போறாங்க!" இன்றைக்கும் நான் வாயைத் திறந்தால் யாராவது ஒருத்தர் அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. தொட்டிக்குள் நாங்கள் கேட்டோமே, அந்த இருமல். முதல் இடைவெளியில் தெளிவாகக் கேட்டது. அந்தக் கேசட்டை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டோம். அதில் இருமலே இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் பஷீர் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவான்.

அவன்தான் சமீபத்தில் அந்தக் கேசட்டை போனுக்கு மாற்றிக் கொடுத்தான். பாட்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டான். என் ஆல்பத்தின் மொத்த நீளம் இப்போது நாற்பது விநாடி. அப்பா அதை ரிங்டோனாக வைத்திருக்கிறார். நான் அவரைக் கூப்பிட்டால் அவர் சட்டைப் பையிலிருந்து பெரியப்பா கூப்பிடுவார். மணல், ஊறுகாய், எல்லாம் வரிசையாக வரும். "சேகர பாட..." வரும் வரை அப்பா எடுக்கவே மாட்டார்.

போன வாரம் கேட்டேவிட்டேன். "ஏன் நைனா, முன்னாடியே எடுத்தா இன்னா?"

"அவசரப்படாதடா" என்றார். "ஒரு நாளைக்கு மிச்சத்தையும் சொல்லிட்டார்னா?"